ஒரே எண்ணில் இரண்டு வீடு

ஷாகிதாவுக்கு வேலை கிடைத்தபோது, அது என்ன வேலை என்று அத்தாவுக்குப் புரியவைக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது. தகப்பனார் ஹாஜா மொய்தீன் பூந்தமல்லி பஸ் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் பழக்கடை வைத்திருந்தார். கையில் எடுத்து அமுக்கிப் பார்க்கக்கூடிய பொருட்களோடு புழங்கியவர்.

“வானத்துலேர்ந்து எடுத்த படம் அத்தா. அதுல வீட்டு மாடி தெரியும். நாங்க அதைச் சுத்திக் கோடு போடணும்.”

“யார் வீட்டு மாடி?”

“எல்லார் வீட்டு மாடியும்.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “சரி, பஸ் வசதி இருக்கா பாத்துக்க” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

அது நடந்து பதினோரு வருடம் ஆகிறது. கம்பெனி மண்ணூர்பேட்டையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி, வால்வு செய்யும் பட்டறை ஒன்றின் மாடியில் இருந்தது. கீழே லேத் ஓடினால் மேலே மேசை லேசாக அதிரும். மௌஸ் பிடித்த கை அதற்குப் பழகிக்கொள்ளும். ஒரு நாளைக்கு நானூறு கூரை என்பது கணக்கு. முதல் மாதம் ஷாகிதாவுக்குக் கண் எரிந்தது. இரண்டாவது மாதம் கனவில் கூரைகள் வந்தன. மூன்றாவது மாதத்திலிருந்து எதுவும் வரவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் கூரையா, தளம் போட்ட மாடியா என்று நிழலைப் பார்த்தே சொல்வாள். மாமரம் முழுக்க மூடிய வீட்டை, ஓரமாக எட்டிப் பார்க்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்துப் பிடித்துவிடுவாள். நாக்பூர்ப் பக்கம் ஓர் ஊர், ஒடிசாவில் இரண்டு, கோயம்புத்தூரைச் சுற்றி ஐந்தாறு என்று எத்தனையோ ஊர்களை வீடு வீடாக வரைந்தவள். அவற்றில் ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

இடையில் கல்யாணம் ஆயிற்று. கணவன் ராஷித் வானகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்து வேன் ஓட்டுகிறான். அதிகம் பேசாத மனிதன். தெருக்களைப் பற்றி மட்டும் விஸ்தாரமாகப் பேசுவான். கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொல்வார்கள் என்று அவள் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. அந்தப் பதில் அப்படியே வீணாய்ப் போயிற்று.

ஒன்பதாவது வருடத்தில் அவளை சரிபார்ப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். மற்றவர்கள் போட்ட கோட்டையும், கோட்டுக்குப் பின்னால் இருக்கும் அட்டவணையையும் பார்ப்பது அவள் பொறுப்பு. வரைபடத்தில் ஒவ்வொரு கூரைக்கும் பின்னால் ஒரு வரி உண்டு. எந்த வார்டு, எந்தத் தெரு, என்ன கதவு எண், எத்தனை மாடி, யார் பெயரில் இருக்கிறது எல்லாம் அந்த வரியில் இருக்கும். இந்த விவரம் எதுவும் தனியாக ஒரு வீட்டை அடையாளம் காட்டாது. ஒரே ஊரில் நாற்பது ராஜேந்திரன் இருப்பார்கள். முப்பத்துநாலாம் எண் கதவு தெருவுக்குத் தெரு இருக்கும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். வேறு எந்த வீட்டுக்கும் அது இருக்கக் கூடாது. பிறகு வீட்டு வரி, தண்ணீர், சாக்கடை என்று எந்த ஆபீஸ் அந்த வீட்டைத் தேடினாலும் அந்த ஒரே எண்ணால் தேடும்.

ஆவடியைத் தாண்டி மேற்கே ஒரு நகராட்சி. பெயர் இங்கே வேண்டியதில்லை. அங்கே பாதாளச் சாக்கடை போடுவதற்கு முன்னால் ஊரை முழுக்க வரைந்து தரும் வேலை கம்பெனிக்கு வந்தது. இருபத்தேழு வார்டு, இருபத்தோராயிரம் வீடு. எண் எப்படி உருவாக வேண்டும் என்ற விதியை எழுதியவர் அந்த வேலைக்கான குழுவின் தலைவர் சிவராமன். வார்டுக்கு இரண்டு இலக்கம், தெருவுக்கு இரண்டு, கதவுக்கு மூன்று. மூன்றையும் ஒட்டினால் ஏழு. ஒன்றாவது வார்டு, பன்னிரண்டாவது தெரு, முப்பத்துநாலாம் கதவு என்றால் 0112034.

“நம்பரைப் பார்த்தாலே வீடு எங்க இருக்குன்னு தெரிஞ்சிடணும்” என்று சிவராமன் கூட்டத்தில் சொன்னார். அந்த விதியில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. நியாயமான பெருமைதான். ஒரு சின்னக் கணினி நிரல் அட்டவணையைப் படித்து, வார்டு, தெரு, கதவு என்ற மூன்று பத்தியையும் ஒட்டி, இருபத்தோராயிரம் எண்ணையும் நாலு நிமிடத்தில் போட்டுத் தந்தது. வார்டு வார்டாக, ஒரே எண் இரண்டு வீட்டுக்கு வந்திருக்கிறதா என்று ஷாகிதா சோதித்தாள். எங்கும் வரவில்லை. கையெழுத்துப் போட்டாள். ஜூன் மாதம் நீலத் தகட்டில் வெள்ளை எழுத்தில் எண்கள் அச்சாகி, வீட்டுக்கு வீடு ஆணி அடித்து மாட்டப்பட்டன.

செப்டம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஷாகிதாவும் பக்கத்து இருக்கை ஷர்மிளாவும் டீ குடிக்கக் கீழே இறங்கினார்கள். கேட்டருகில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் காவலாளியோடு வாதாடிக்கொண்டிருந்தாள். கையில் ஒரு மஞ்சள் துணிப்பை.

“உள்ள உட முடியாதும்மா. யாரைப் பாக்கணும், பேர் சொல்லு.”

“பேர் தெரிஞ்சா நான் ஏன்யா உன்னாண்ட நின்னுகினு கீறேன்? இந்த நம்பர் போட்டவங்கள பாக்கணும்.”

அவள் பையிலிருந்து நீலத் தகடு ஒன்றை எடுத்துக் காட்டினாள். ஆணியோடு பிடுங்கியதில் ஒரு மூலை வளைந்திருந்தது. ஷாகிதா தகட்டைப் பார்த்தாள். 0112034. கணினித் திரையில் மாதக்கணக்கில் பார்த்த எண்களில் ஒன்று, வெயிலில், ஒரு மனுஷியின் கையில் இருந்தது.

“நான் இந்த ஆபீஸ்தான்மா. என்னன்னு சொல்லுங்க” என்றாள்.

அந்த அம்மாளின் பெயர் சரசா. வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். அவள் தெருவில் ஜூலை மாதம் சாக்கடைக் குழாய் போடப் பள்ளம் தோண்டினார்கள். இணைப்புக் கொடுப்பதற்காக வீட்டுப் பின்னால் இருந்த பழைய கழிவுத் தொட்டியை உடைத்து மூடினார்கள். மறுநாள் வந்த ஆள் கையிலிருந்த பட்டியலைப் பார்த்து, “உங்க நம்பருக்கு கனெக்‌ஷன் குடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். தெருவில் எல்லோருக்கும் இணைப்பு வந்தது. இவள் வீட்டு வாசலில் மட்டும் பள்ளம் அப்படியே கிடந்தது.

“நகராட்சில போய்க் கேட்டா, கம்ப்யூட்டர்ல முடிஞ்சிச்சுன்னு கீதும்மான்றாங்க. நான் பொய் சொல்றேனாம். அஞ்சு வாரமா பக்கத்தூட்டு வனஜா ஊட்டு கக்கூஸுக்குத்தான் போய் வந்துகினு கீறோம். அவளும் எத்தினி நாளைக்கிம்மா மூஞ்சி சுளிக்காம இருப்பா? போன திங்கக்கெழம எங்க ஊட்டுக்காரரு அந்தப் பள்ளத்துல உழுந்துட்டாரு. மணிக்கட்டு ஒடஞ்சி கட்டுப் போட்டுகினு ஒக்காந்துகீறாரு.”

அவள் அழவில்லை. இதையெல்லாம் ஏற்கெனவே பல மேசைகளில் சொல்லிச் சொல்லி வரிசைப்படுத்தி வைத்திருந்தவள்போலச் சொன்னாள். கடைசி மேசையில் ஒருவர், “நம்பர் எங்களோடது இல்லை, அம்பத்தூர் கம்பெனி போட்டது” என்று முகவரி எழுதிக் கொடுத்திருக்கிறார். ரயிலேறி வந்துவிட்டாள்.

“எந்த வார்டு நீங்க?”

“பதினொண்ணு. ரெண்டாவது தெரு. கதவு முப்பத்தி நாலு.”

ஷாகிதா மீண்டும் தகட்டைப் பார்த்தாள். பதினோராவது வார்டு என்றால் எண் பதினொன்றில் தொடங்க வேண்டும். 1102034. தகட்டில் இருந்தது ஒன்றாவது வார்டின் எண்.

“இதை ஒரு போட்டோ எடுத்துக்கறேன்மா. உங்க போன் நம்பரும் குடுங்க. தகட்டைத் திரும்ப மாட்டிடுங்க.”

“மாட்டி இன்னா பிரயோசனம்?”

ஷாகிதா தனக்காக ஷர்மிளா வாங்கி வந்த டீயை சரசாவிடம் கொடுத்தாள். சரசா மறுக்காமல் வாங்கிக் குடித்தாள்.

அன்று மாலைக்குள் ஷாகிதாவுக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. 0112034 என்று மொத்த ஊரிலும் தேடினாள். இரண்டு கூரைகள் மஞ்சளாக மின்னின. ஒன்று தெற்கே, ஒன்றாவது வார்டில். இன்னொன்று இரண்டு கிலோமீட்டர் வடக்கே, பதினோராவதில். அவள் சோதித்தபோது இது ஏன் சிக்கவில்லை என்பதும் விளங்கிற்று. வார்டு வார்டாகத் தனித்தனியே சோதித்திருந்தாள். ஒரு வார்டுக்குள் எந்த எண்ணும் இரண்டு முறை வரவில்லை. வேறு வார்டில் அதன் இரட்டை இருந்தது.

வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு முன் நேரில் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை ராஷித்தின் பைக்கில் ஆவடி ரோடு வழியாகப் போனார்கள்.

“முப்பத்துநாலாம் நம்பர்னு சொல்லாத. பக்கத்துல என்ன இருக்குன்னு சொல்லு” என்றான் ராஷித்.

“பின்னால ஒரு வேப்பமரம். கிழக்கால காலி மனை. மாடில தொட்டி தென்மேற்கு மூலைல.”

“அது மேலேர்ந்து பாக்கறவங்களுக்கு. வாசல்ல என்ன இருக்கும்?”

அது அவளுக்குத் தெரியாது. பிறகு ராஷித்தே ஒரு டீக்கடையில் கேட்டு ஒன்றாவது வார்டு வீட்டைக் கண்டுபிடித்தான். அங்கே சம்பந்தம் என்பவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாசலில் அதே எண்ணுள்ள தகடு, துடைத்துப் பளிச்சென்று இருந்தது. சாக்கடை இணைப்பு ஜூலை மாதமே வந்துவிட்டதாகச் சொன்னார்.

“நம்பர்ல எதாவது பிரச்சினையா?” என்று கேட்டார். “மாத்திடாதீங்கம்மா. பேங்க்ல, கேஸ் கம்பெனில எல்லாம் இந்த நம்பரக் குடுத்துட்டேன்.”

“உங்களுது சரியாத்தான் இருக்கு சார்” என்றாள் ஷாகிதா.

பதினோராவது வார்டில் சரசா வீட்டுப் பள்ளத்தின்மேல் ஒரு பழைய கதவைப் பலகையாகப் போட்டிருந்தார்கள். ராஷித் முதலில் கால் வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு அவளை வரச் சொன்னான். உள்ளே சரசாவின் கணவர் ஏகாம்பரம் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. சரசா அதை நிறுத்தவில்லை. சத்தத்துக்கு மேலே பேசினாள்.

ஏகாம்பரம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “இது யார் பண்ண தப்புன்னு தெரிஞ்சிச்சா?”

“இன்னும் தெரியல. தேடறேன்.”

“தெரிஞ்சி இன்னா ஆவப்போது, உடு” என்றாள் சரசா. “கொழாய் போட்டா போதும்.”

திங்கட்கிழமை ஷாகிதா நிரலைத் திறந்து பார்த்தாள். அதில் தப்பு இல்லை. வார்டு, தெரு, கதவு மூன்றையும் இருந்தபடி ஒட்டியிருக்கிறது. மொத்தம் ஏழு இலக்கம் வராவிட்டால் முன்னால் பூஜ்யம் போட்டு நிரப்பியிருக்கிறது. தப்பு அதற்கு முன்பே நடந்திருந்தது. அட்டவணையில் வார்டு 01 என்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 1 இருந்தது. தெரு 02 என்பது 2 ஆகியிருந்தது. முன்னால் இருந்த பூஜ்யங்களை யாரோ உதிர்த்துவிட்டிருந்தார்கள். கதவு எண்களில் 12A போல எழுத்தும் கலந்திருந்ததால் அந்தப் பத்தியை மட்டும் எழுத்து வகை என்று குறித்து வைத்திருந்தார்கள்; அது தப்பித்திருந்தது. ஒன்றாவது வார்டின் பன்னிரண்டாவது தெருவை ஒட்டினாலும் 112. பதினோராவது வார்டின் இரண்டாவது தெருவை ஒட்டினாலும் 112. இரண்டுக்கும் பின்னால் 034. முன்னால் ஒரு பூஜ்யம் சேர்ந்து ஏழு இலக்கம் நிரம்பியதும் இரண்டும் ஒழுங்கான எண்ணாகத் தெரிந்தன.

எக்செல் மாதிரி அட்டவணை மென்பொருளில் ஒரு கோப்பைத் திறந்து அப்படியே சேமித்தால் இது நடக்கும். 01 என்று இருந்தால் அது எண் என்று நினைத்துக்கொண்டு 1 ஆக்கிவிடும். வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தரும் பாடம் அது. ஷாகிதாவே பலருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

கம்பெனியில் எல்லாக் கோப்புக்கும் தினம் ஒரு நகல் எடுத்து ஆறு மாதம் வைத்திருப்பார்கள். பின்னோக்கிப் போனாள். மார்ச் பதின்மூன்றாம் தேதி நகலில் 01 இருந்தது. பதினான்காம் தேதி நகலில் 1. யார் சேமித்தது என்ற இடத்தில் அவள் பெயர்.

கொஞ்ச நேரம் அவளுக்கு நினைவு வரவில்லை. பிறகு மெல்ல வந்தது. நோன்பு மாதம், நாலு மணிக்கே கிளம்ப அனுமதி. தெருப் பெயர்களை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருந்தார்கள். குறுக்குத் தெரு என்பதே மூன்று எழுத்துக் கூட்டலில் இருந்தது. வரைபட மென்பொருளில் அதைத் திருத்த ஒரு மணி நேரம் ஆகும், எக்செல்லில் பத்து நிமிடம். திறந்தாள், திருத்தினாள், சேமித்தாள், கிளம்பினாள். பூந்தமல்லி பஸ்ஸில் இடம் கிடைத்ததுகூட ஞாபகம் வந்தது.

கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நகல் பட்டியலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆறு மாதம் முடிய இன்னும் சில நாள்தான். அதன்பிறகு மார்ச் நகல்கள் தாமாகவே அழிந்துவிடும். அவளைத் தவிர அந்தத் தேதியை யாரும் தேடப்போவதில்லை. பட்டியலில் சத்தமில்லாமல் சில எண்களை மாற்றிவிட்டு, “சரிபார்ப்பில் கண்டுபிடித்துத் திருத்தப்பட்டது” என்று ஒரு வரி எழுதினால் பாராட்டுக்கூடக் கிடைக்கும். இப்படியெல்லாம் யோசித்தோம் என்பதை அவள் பிற்பாடு ராஷித்திடம் மறைக்கவில்லை. யோசித்தது ஒரு கால் மணி நேரம் இருக்கும். பிறகு அந்த இரண்டு நகல்களையும் அழியாத வேறு ஓர் இடத்தில் எடுத்து வைத்தாள். எத்தனை எண் இரட்டை என்று மொத்த ஊருக்கும் எண்ணிப் பார்த்தாள். முந்நூற்று எழுபத்தொன்று. ஒன்றாவது வார்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் பாதிக்கு மேல். இரண்டாவதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் மீதி. அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு சிவராமனின் அறைக்குப் போனாள்.

சிவராமன் நல்ல மனிதர். குரலை உயர்த்த மாட்டார். தாளை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதை சாஃப்ட்வேர் பிரச்சினைன்னு எழுதிடலாம், ஷாகிதா. பொய்யும் இல்ல. அந்த எக்செல் பண்றதுதானே இது.”

“திறந்தது நான் சார்.”

“நோன்பு மாசம். உடம்பு ஓய்ஞ்சிருக்கும். அதையாவது ஒரு வரி போடலாம்.”

“நோன்பு என்ன பண்ணுச்சு சார்? அது பாட்டுக்கு இருந்துச்சு. நான்தான் சீக்கிரம் முடிக்கணும்னு பண்ணேன்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, “சரி. திருத்தறது எப்படி?” என்றார்.

இங்கேதான் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சிவராமன் தம்முடைய விதிப்படி எல்லா எண்ணையும் மறுபடி போட வேண்டும் என்றார். பூஜ்யம் உதிர்ந்ததால் பல ஆயிரம் வீடுகளின் எண் விதியிலிருந்து விலகித்தான் இருந்தது. அவற்றுக்கு இரட்டை மட்டும் இல்லை. ஷாகிதா அவற்றைத் தொடக் கூடாது என்றாள். தகடு அடித்தாயிற்று, ஜனங்கள் பேங்கில், கேஸ் கம்பெனியில் எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு வீட்டை மட்டும் மாற்றினால் போதும். அந்த முந்நூற்று எழுபத்தொன்றுக்கும் ஒன்பதில் தொடங்கும் வரிசை எண், வந்த வரிசையில் கொடுத்துவிடலாம்.

“ஒன்பதுலயா? நமக்கு தொண்ணூறாவது வார்டே கிடையாதே. அந்த நம்பரைப் பார்த்தா வீடு எங்க இருக்குன்னு எப்படித் தெரியும்?”

“தெரியாது சார். எங்க இருக்குன்னு அட்டவணை சொல்லட்டும். நம்பர் இன்னொரு வீட்டைக் காட்டாம இருந்தா போதும்.”

சிவராமன் அதை உடனே ஏற்கவில்லை. புதன்கிழமை நகராட்சி ஆபீசில் நடந்த கூட்டத்தில் அங்கிருந்த பொறியாளர்தான் முடிவைச் சொன்னார். இருபத்தோராயிரம் தகடு இன்னொரு முறை அடிக்க முடியாது. அந்தம்மா சொல்வதுபோலச் செய்யுங்கள். அப்புறம் அவர் ஷாகிதாவைப் பார்த்து, “இது யார் தவறு என்று எழுத்தில் வேண்டும்” என்றார். அவள் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த ஒரு பக்கத்தை நீட்டினாள். அதில் தேதி, கோப்பின் பெயர், தன் பெயர், என்ன செய்தாள் என்பது மட்டும் இருந்தது. வருத்தம் தெரிவிக்கும் வரி கடைசியில் ஒன்று. பொறியாளர் படித்துவிட்டு அதை ஒரு கோப்பில் செருகினார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை.

தகடுகள் அச்சாகி வந்ததும், மாட்டும் ஆட்களோடு ஷாகிதாவும் போனாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பதினோரு நாள் ஆயிற்று. ஒவ்வொரு வாசலிலும் பழைய தகட்டைக் கழற்றி, புதியதை அடித்து, இந்த நம்பரை எங்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டாள். சிலர் திட்டினார்கள். ஒரு பெரியவர் பழைய எண்ணின் கூட்டுத்தொகை தமக்கு ராசியானது என்று கழற்ற மறுத்தார். ஷாகிதா இன்னும் மாட்டாத தகடுகளில் தேடி, அதே கூட்டுத்தொகை வரும் எண் ஒன்றை அவருக்குக் கொடுத்துப் பட்டியலையும் திருத்திக்கொண்டாள். இன்னொரு வீட்டில் பூட்டு. அதற்கு மூன்று நாள் போனாள்.

இதே குழப்பத்தால் இணைப்புக் கிடைக்காமல் விடுபட்டவை சரசா வீட்டோடு சேர்த்துப் பத்தொன்பது வீடு. மற்ற பதினெட்டில் யாரும் அம்பத்தூர் வரை வரவில்லை. சிலர் அது இன்னும் தங்கள் முறை வராததால்தான் என்று நினைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சரசாவின் புதிய எண் 9000001. முதல் எண்ணை அந்த வீட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று ஷாகிதா முடிவு செய்திருந்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அக்டோபர் முதல் வாரம், பெருமழைக்கு முன்னால், குழாய் இணைப்பு வந்தது. பள்ளத்தை மூடி சிமென்ட் போட்டார்கள். அன்று மாலை சரசா போன் செய்தாள்.

“வந்துச்சும்மா கனெக்‌ஷன்.”

“சந்தோசம்மா.”

“அது யார் பண்ண தப்புன்னு கேட்டாரே எங்க ஊட்டுக்காரரு, தெரிஞ்சிச்சா?”

“நான்தான்மா பண்ணேன். ஒரு ஃபைலைத் திறக்கக் கூடாத விதத்துல திறந்துட்டேன்.”

மறுமுனையில் கிரைண்டர் நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு சரசா, “சரி, அவராண்ட நான் சொல்லிகிறேன்” என்று போனை வைத்தாள். மன்னித்தாளா என்பது ஷாகிதாவுக்குத் தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளும் விஷயமும் அல்ல.

கம்பெனியில் அவளை ஆறு மாதம் சரிபார்ப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். மறுபடி கூரை வரையும் இருக்கைக்குப் போனாள். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவளைவிடப் பத்து வயது இளையவர்கள், வேகமாகப் போட்டார்கள். அவள் முந்நூறைத் தாண்டவே திணறினாள். பதவி உயர்வுப் பட்டியலில் அவள் பெயர் அந்த வருடம் வரவில்லை. ஷர்மிளா பெயர் வந்தது. ஷாகிதா மனதாரத்தான் வாழ்த்தினாள். ஆனாலும் இரண்டு மூன்று நாள் அவளோடு டீ குடிக்கப் போகாமல் ஏதோ வேலை இருப்பதுபோல உட்கார்ந்துகொண்டாள்.

மறு ஆண்டு அந்த நகராட்சியில் வார்டு எல்லைகளைத் திருத்தினார்கள். இருபத்தேழு முப்பத்தாறு ஆயிற்று. சரசாவின் தெரு பதினாலாவது வார்டில் சேர்ந்தது. சம்பந்தத்தின் தெரு மூன்றாவதில். வீடு எங்கே இருக்கிறது என்று சொல்வதற்காகப் போட்ட எண்களில் பெரும்பாலானவை ஒரே அரசாணையில் வேறு இடத்தைச் சொல்லத் தொடங்கின. எண்ணை மாற்றச் சொல்லி நகராட்சி கேட்கவில்லை. அட்டவணையில் வார்டு என்ற பத்தியை மட்டும் திருத்தினார்கள். எண் எல்லாம் அப்படியே இருந்தது.

சிவராமன் அதைப் பற்றி அவளிடம் நேராக ஒன்றும் சொல்லவில்லை. ராணிப்பேட்டைப் பக்கம் ஓர் ஊரின் வேலை வந்தபோது, எண் விதி எழுதும் தாளை அவள் மேசையில் வைத்துவிட்டு, “நீங்களே எழுதிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் எழுதியது இரண்டு வரி. வரிசை எண், ஒன்றிலிருந்து. ஒருமுறை கொடுத்த எண்ணை வீடு இடிந்தாலும் இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

வார்டு மாறிய செய்தி தெரிந்ததும் சரசாவும் ஒருமுறை கூப்பிட்டாள். பின்னால் மழைச் சத்தம்.

“வார்டு மாறிச்சாமே. நம்பரும் மாறுமாம்மா?”

“இல்லம்மா. உங்க நம்பர் அதேதான்.”

“மாத்துனா முன்னாடியே சொல்லிடு. மாவு பாக்கெட்டு கவர்ல அதைத்தான் அட்ரஸ்னு அடிச்சுகீறேன். ஆயிரம் கவர் கீது.”

“மாறாதும்மா” என்றாள் ஷாகிதா. “தைரியமா அடிங்க.”